பித்தளை மோர்ஸ் விசையும் அதன் பிந்தும் ஒலியும்

வவுனியாவில் இலத்திரனியல் உதிரிப்பாகக் கடையொன்றில் வாங்கிய, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறியீட்டுக்கான பழகுகருவியைக் கிளிநொச்சியில் சாரணப் பிள்ளைகளுடன் ஒரு தவணை முழுவதும் பாவித்த பின்னரே இதனை எழுதுகிறேன். பித்தளை விசையும், அடித்த எழுத்தைத் திரையில் காட்டும் சிறிய போட்டும் (மின்சுற்றுப் பலகை), ஒலிக்கு ஒரு பசரும் ஒரே பெட்டியில் வருகின்றன.

விசை அருமையானது. அடிப்பகுதி கனமாக இருப்பதால் மேசையில் நகர்வதில்லை. தொடுகை இடைவெளியையும் வில்லின் இறுக்கத்தையும் தனித்தனித் திருகாணிகளால் மாற்றிப் பூட்டு நட்டால் இறுக்கிவிடலாம். மலிவான விசைகள் சிலவற்றில் இருக்கும் மைக்ரோ சுவிச் (கிளிக்கென மாறும் சிறிய ஆளி) அழுந்துவது ஓரிடத்திலும் விடுபடுவது வேறிடத்திலும் என்பதால் விரலின் அளவும் ஒலியின் அளவும் பொருந்துவதில்லை. இதில் நேரடித் தொடுகை என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

குறை போட்டில்தான் இருக்கிறது. இத்தகைய உலோகத் தொடுகை மூடும்போதும் திறக்கும்போதும் சில மில்லிசெக்கன் துள்ளிய பிறகே நிலைகொள்ளும். மின்னழுத்த மாற்றத்தைக் கோடாகக் காட்டும் பாடசாலை ஆய்வுகூட அலைவுகாட்டியில் பார்த்தபோது, கோடு நிமிர்வதற்கு முன் சீப்பின் பற்களைப் போல நெருக்கமான வெட்டுகள் தெரிந்தன. போட் இந்தத் துள்ளலை வடிகட்டாவிட்டால், 'ரி' (T) என்ற எழுத்துக்கு அடித்த ஒற்றைக் கோடு, தொடக்கத் துள்ளலால் முன்னே ஒரு புள்ளி சேர்ந்து 'ஏ' (A) ஆகவோ முடிவுத் துள்ளலால் பின்னே ஒரு புள்ளி சேர்ந்து 'என்' (N) ஆகவோ திரையில் விழும். சரியாக அடித்த பிள்ளை அப்போது தன் கையைத்தான் சந்தேகிக்கிறது. இதை நான் சிறிய குறையாகக் கொள்ள மாட்டேன்.

இதற்காகவே வடிகட்டும் நேரத்தை, அதாவது துள்ளல் அடங்கும்வரை போட் காத்திருக்கும் நேரத்தை, 5, 10, 20 மில்லிசெக்கன் எனத் தெரிவு செய்யும் வசதி உண்டு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது 20இல் நிற்கிறது. மூடலும் திறப்பும் சமமாகப் பிந்துவதால் எழுத்தின் நீளம் கெடுவதில்லை என்பது உண்மைதான். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 100 மில்லிசெக்கன் என்பதால் அந்தப் பிந்தல் உறுத்துவதுமில்லை. ஆனால் 25 சொல் வேகத்தில் புள்ளியே 48 மில்லிசெக்கன்தான். தன் ஒலியைக் கேட்டே அடுத்த அடியை அளப்பவருக்கு, கிட்டத்தட்ட அரைப் புள்ளி பின்தங்கி வரும் ஒலி கையைத் தடுமாறச் செய்து இடைவெளிகளையெல்லாம் குலைத்துவிடுகிறது.

5இல் வைத்தால் ஒலி விரலோடு வருகிறது, தொடுகை சுத்தமாக இருக்கும்வரை. எங்கள் கோடைத் தூசியிலும் மாரி ஈரத்திலும் அது சீக்கிரம் கறுக்கிறது. வெற்றுத்தாள் துண்டொன்றைத் தொடுகைகளுக்கிடையில் மெதுவாக அழுத்தி இழுத்தால் போதும். அரத்தாள் வேண்டவே வேண்டாம். அதற்கும் மசியாத விசைக்கு, 10 கிலோ ஓம் தடையியுள்ள இந்தப் போட்டில், 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவியையும் 100 ஓம் தடையியையும் தொடராக இணைத்து விசைக்குக் குறுக்கே பற்றவைத்தேன். ஒரு மில்லிசெக்கன் அளவிலான துள்ளல் அதிலேயே அடங்கிவிடுகிறது. அந்த 100 ஓம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தத்திலும் கொள்ளளவியின் ஏற்றம் முழுவதும் ஒரேயடியாகத் தொடுகை வழியே பாய்ந்து அதை அரிக்கும்.

பழகுவதற்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே 5இல் வைத்து 'ஈ' (E) எழுத்தின் ஒற்றைப் புள்ளியை ஆறுதலாகப் பலமுறை அடித்துப் பாருங்கள்; இடையிடையே 'ஐ' (I) என்று புள்ளி இரட்டித்தால் வேறு பெட்டியைக் கேளுங்கள்.