கால்மோடுலின் செஃபரோஸ் 4பி: மூளை லைசேட்டில் எந்த அளவுக்கு நம்பலாம்?

கால்மோடுலின் என்பது செல்லுக்குள் கால்சியத்தை உணரும் புரதம். கால்சியம் இருந்தால் மட்டும் அதைப் பிடிக்கும் புரதங்களை நரம்புச் செல்களின் லைசேட்டிலிருந்து (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) தேடி எடுக்க, கால்மோடுலின் செஃபரோஸ் மணிகள் நல்ல தேர்வு. ஆனால் எதிர்க் கட்டுப்பாடு (பிணைப்பு நடக்கக் கூடாத ஒப்பீட்டுக் குழாய்) இல்லாமல் பயன்படுத்தினால், ஜெல்லில் கிடைக்கும் பேண்டுகளில் (புரதக் கோடுகள்) பாதியை நம்ப முடியாது.

4 சதவீத அகரோஸ் மணிகளில் கால்மோடுலின் பிணைக்கப்பட்டு, 20 சதவீத எத்தனாலில் வருகிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும், உறையவே விடக்கூடாது. பயன்படுத்தும் முன் எத்தனாலை முழுக்கக் கழுவி நீக்குங்கள்.

பஃபர் எளிமையானது: 50 மில்லிமோலார் டிரிஸ், 200 மில்லிமோலார் உப்பு, 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, பிஹெச் 7.5. பாஸ்பேட் பஃபர் வேண்டாம். கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிந்துவிடும். ஈடிடிஏ கலந்த புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பு மாத்திரையும் ஆகாது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால் மணிகளில் எதுவும் ஒட்டாது, காரணம் தெரியாமல் ஒரு நாள் வீணாகும்.

படிந்த மணிகள் 50 மைக்ரோலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை புரதம் எடுத்து, 4 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் சுழலவிடுங்கள். கால்சியம் உள்ள அதே பஃபரில் நான்கைந்து முறை கழுவிவிட்டு, கால்சியத்துக்குப் பதில், அதைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருளான ஈஜிடிஏவை 5 மில்லிமோலார் கொடுத்துப் பிரித்தெடுங்கள். கால்சியத்தைப் பிடிக்கும்போது ஈஜிடிஏ புரோட்டான்களை விடும். பிஹெச் 7-க்குக் கீழே போனால் அதன் பிடி வெகுவாகத் தளரும். அதனால் பிஹெச் சரிபார்க்காத ஈஜிடிஏ ஸ்டாக்கைத் தொடாதீர்கள். மணிகளைக் கொதிக்க வைத்து எடுப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஈஜிடிஏவுக்கு அசையாதவற்றில் பெரும்பாலும் வெறுமனே ஒட்டிய குப்பைதான் இருக்கும்.

மூளைத் திசுவில் பெரிய தொல்லை கால்பெயின் என்ற புரோட்டியேஸ். கால்சியம் சேர்த்ததும் விழித்துக்கொண்டு, கால்மோடுலினைப் பிடிக்கும் ஸ்பெக்ட்ரின் என்ற பெரிய புரதத்தை வெட்டிவிடும். 240 கிலோடால்டன் பேண்ட் குறைந்து 150 அருகில் புதிதாக ஒன்று தெரிந்தால், புதுப் புரதம் கிடைத்தது என்று மகிழ வேண்டாம், அது வெட்டுண்ட துண்டு. திசுவை 1 மில்லிமோலார் ஈஜிடிஏ உள்ள பஃபரில் அரைத்து, மையவிலக்கில் தெளியவைத்து, கால்பெயினைத் தடுக்கும் லியூபெப்டினும் ஈ-64-ம் சேர்த்த பிறகே 3 மில்லிமோலார் கால்சியம் ஊற்றுங்கள். ஈஜிடிஏ பிடித்தது போக 2 மிஞ்சும்.

ஒரே லைசேட்டில் மூன்று குழாய்கள் கட்டாயம்: கால்சியத்துடன் இந்த மணிகள், ஈஜிடிஏவுடன் இதே மணிகள், கால்சியத்துடன் வெற்று செஃபரோஸ். கால்சியத்துடன் கால்மோடுலினைப் பிடிப்பதாகத் தெரிந்த இரு நொதிகளைப் பாருங்கள்: கேம்-கைனேஸ் 2-இன் ஆல்ஃபா வடிவம் 50 கிலோடால்டனுக்குச் சற்று மேலே, கால்சினியூரினின் பெரிய துணையலகு 60 அருகே, இரண்டும் முதல் குழாயில் மட்டும் தெரிந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். நியூரோகிரானின் என்ற நரம்புச் செல் புரதம் இதற்கு நேர்மாறு. கால்சியம் இல்லாத கால்மோடுலினையே அது விரும்பும் என்பதால் இரண்டாவது குழாயில் வரும். அழகான உள்சோதனை இது, நியூரோகிரானின் ஆன்டிபாடி கையில் இருந்தால் தவறவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. இணைப்பு கால்மோடுலினின் லைசின்கள் வழியே, எந்த ஒழுங்கும் இல்லாமல் நடக்கிறது. இலக்கைச் சுற்றி இரு முனைகளாலும் மடிய வேண்டிய மூலக்கூறு தவறான இடத்தில் கட்டுண்டால் மடியாது. ஆகவே பேண்ட் வரவில்லை என்பதை வைத்துப் பிணைப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மூளையில் கால்மோடுலின் ஏராளம் என்பதால் லைசேட்டில் உள்ளதும் போட்டிக்கு நிற்கும். பேண்ட் மங்கலாக இருந்தால் மணிகளைக் கூட்டுங்கள், லைசேட்டைக் கூட்டினால் போட்டியும் சேர்ந்து கூடும்.

2 மில்லிமோலார் கால்சியம் செல்லுக்குள் இருப்பதைவிட மிக அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது. ஓய்வில் அங்கே சுமார் 100 நானோமோலார்தான், தூண்டலின்போது மைக்ரோமோலார் அளவுக்கு ஏறும். முக்கியமான முடிவை, ஈஜிடிஏவால் கட்டுப்படுத்திய 1 மைக்ரோமோலார் கட்டற்ற கால்சியத்தில் மீண்டும் பாருங்கள்.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஆன்டிபாடி கொண்டு குறிப்பிட்ட புரதத்தைக் காணும் முறை) மட்டும் என்றால், 1 மோலார் உப்பும் ஈஜிடிஏவும் கொண்டு கழுவி, கால்சியம் பஃபருக்கு மாற்றி மணிகளைத் திரும்பப் பயன்படுத்தலாம். புரதங்களை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு ஒவ்வொரு முறையும் புதிய மணிகளே வேண்டும். முந்தைய லைசேட்டின் எச்சம் அந்தக் கருவியில் தப்பாமல் தெரியும்.