வீட்டுத்திட்ட அணுகு வசதி ஆலோசனை: என் அனுபவம்

கிளிநொச்சியில் எனக்கு வீட்டுத்திட்ட வீடு கிடைத்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆலோசனைச் சேவையையும் கேட்டுப் பெற்றேன். ஆலோசனை சொல்ல வந்த பிள்ளை வரைபடத்தை விரிக்கவில்லை. முதலில் என் சக்கர நாற்காலியின் அகலத்தை அளந்தார். மலசலகூடக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றவைத்தார். உள்ளே திறந்தால் நாற்காலியைத் திருப்பவே இடமில்லை.

விறாந்தை ஒன்றரை அடி உயரம். 1:12 கணக்கில், அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்றால், சாய்தளம் 18 அடி வேண்டும். மேசன் ஆறு அடியில் முடிக்கப் பார்த்தார். அந்தப் பிள்ளை விடவில்லை. இன்று மாரிச் சேற்றிலும் நானே ஏறுகிறேன், யாரும் தள்ளத் தேவையில்லை.

ஒரு குறை: அத்திவாரம் வெட்டுமுன் வரவேண்டிய ஆலோசனை, கூரை போட்டபின்தான் வந்தது. கதவு நிலையை உடைத்த செலவு என்னுடையது. இலங்கையில் பொதுக் கட்டடங்களுக்கு 2006இலேயே அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. விண்ணப்பம் கொடுத்த அலுவலகத்திலோ என்னைத் தூக்கித்தான் ஏற்றினார்கள்.