தம்பலகாமத்தில் மருந்தடி, கொழும்பில் ரிப்போர்ட்

திருகோணமலை டவுனில் இப்போது இரத்தம் எடுக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. சீனி, கொலஸ்ட்ரோல், தைரொயிட் எதுவானாலும் காலையில் கொடுத்தால் பின்னேரமே போனுக்கு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. லண்டனில் ஜிபியிடம் அப்பொயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் இங்கே மருந்தே தொடங்கிவிடலாம். அம்மாவின் டெஸ்டுகள் எல்லாம் இப்படிச் சுகமாக முடிந்தன. சித்தப்பாவின் விஷயம்தான் வேறு மாதிரிப் போனது.

சித்தப்பாவுக்குத் தம்பலகாமத்தில் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிறார். நெல்லை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்துவிட்டதென்று பிபிஎம்சி என்ற பூச்சிமருந்தை அடித்திருக்கிறார். முகத்துக்கு ஒரு லேஞ்சி மட்டும். பின்னேரம் தலைச்சுற்று, வாயூறல், சட்டை நனையும் வியர்வை. "மருந்து மணம் தலைக்கு ஏறிட்டுது, தேசிக்காய்த் தண்ணி குடிச்சாச் சரியாகும்" என்றார். நாங்கள் கேட்கவில்லை, 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது, காசு வாங்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரவு மறித்து வைத்துப் பார்த்தார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா, நெஞ்சில் சளி இரைகிறதா, நாடித்துடிப்பு எப்படி என்று பார்த்துத்தான் நஞ்சுமுறிப்பு மருந்தான அத்ரோபின் தேவையா என்று முடிவெடுக்கிறார்கள். இரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. அதுதான் சரியான முறையும்கூட.

வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு மனம் ஆறவில்லை. உள்ளுக்குள் எவ்வளவு பாதிப்பு என்று பார்க்க ஒரு தனியார் லாப்பில், இந்த மாதிரி மருந்து தாக்கும் நொதியத்தை அளக்கும் கோலினெஸ்டரேஸ் டெஸ்டுக்குக் கொடுத்தோம். "கொழும்புக்கு அனுப்ப வேணும்" என்றார்கள். ரிப்போர்ட் வந்தபோது சித்தப்பா மறுபடி வயலில் நின்றார். முடிவு: நோர்மல். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு மட்டும் அந்தத் தாளில் நம்பிக்கை வரவில்லை.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு போவது அசெட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதை உடைத்து நிறுத்துவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம். பூச்சிமருந்துகளில் இரண்டு கூட்டம், ஓர்கனோபொஸ்பேட்டும் கார்பமேட்டும், இந்த நொதியத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஓர்கனோபொஸ்பேட்டின் பிடி நாளாக நாளாக இறுகிவிடும். சிவப்பணுவில் இருக்கும் நொதியம் புது அணுக்கள் பிறந்துதான் மீளவேண்டும், நாளுக்கு ஏறக்குறைய 1 வீதம். கார்பமேட்டின் பிடியோ தானாகவே விடுபடும், எடுத்துவைத்த இரத்தத்துக்குள்ளும்கூட. பிபிஎம்சி இந்த இரண்டாவது கூட்டம். அந்தக் குழாய் கொழும்புக்கு பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் நொதியம் பழையபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். நோர்மல் வராமல் வேறென்ன வரும்!

இதற்காகவே கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. டெஸ்ட்மேட் என்பது ஒன்று. ஜெர்மனியின் செக்யூரிடெக் செய்யும் சிஎச்ஈ செக் மொபைல் இன்னொன்று. விரல்நுனியில் குத்தி 10 மைக்ரோலீற்றர் இரத்தம், நாலைந்து நிமிஷத்தில் எண். உள்ளே நடப்பது எல்மன் 1961இல் வெளியிட்ட பழைய முறைதான்: நொதியம் வேலை செய்தால் மஞ்சள் நிறம் எழும், எவ்வளவு வேகமாக மஞ்சளாகிறதோ அவ்வளவு உயிர்ப்பு. டெஸ்ட்மேட்டை இலங்கையிலேயே நஞ்சு நோயாளிகளிடம் சோதித்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். சிவப்பணு அளவு ஆய்வுகூட அளவோடு நன்றாக ஒத்துப்போனது.

ஆனால் கருவி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். இந்த நொதியம் ஆளுக்கு ஆள் நிறையவே வேறுபடும். நோர்மல் எல்லை அவ்வளவு அகலமானது. ஒருவருக்கு இயல்பாக 11,000 அலகு இருந்து 6,000க்கு இறங்கினால் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது, ரிப்போர்ட்டோ நோர்மல் என்றே சொல்லும். எனவே மருந்து தொடுவதற்கு முந்திய அளவு வேண்டும். கலிபோர்னியாவில் 1970களிலிருந்தே இதற்குச் சட்டம் உண்டு: சிவப்பணு நொதியம் அவரவர் பழைய அளவில் 70 வீதத்துக்கோ, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கும் நொதியம் 60 வீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்து ஆளை நிறுத்தவேண்டும், 80 வீதத்துக்கு ஏறிய பிறகுதான் மறுபடி விடலாம்.

தம்பலகாமத்துக்கும் இது முடியாத காரியமில்லை. கமநல சேவை நிலையத்தில் ஒரு கருவி, விதைப்புக்கு முன் ஒரு தடவை, மருந்தடித்த அன்றே இன்னொரு தடவை. நம் வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் கோயில் மதிலுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கும் காசில் ஒரு பங்கு போதும் என்று நினைக்கிறேன். (சங்கத்தார் கோபித்தால் கோபிக்கட்டும்.) அதுவரைக்கும், பெரும்போக விதைப்புக்கு முதலே சாதாரண லாப்பில் ஒரு தடவை எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்தலாம். மருந்து படாத இரத்தம் கொழும்புக்குப் போய் வந்தாலும், இந்தப் பிடி விடுகிற சிக்கல் அதில் கிடையாது. பிறகும் அதே லாப்புக்கே போகவேண்டும், இடத்துக்கு இடம் முறையும் அலகும் மாறும்.

"இரத்தம்தானே, தாறன். ஆனா மூஞ்சிக்கு மாஸ்க் போடச் சொல்லாதை, மூச்சு முட்டுது" என்கிறார் சித்தப்பா. மாஸ்க்கைப் பற்றிச் சித்தி பேசிக்கொள்வார். விரலில் குத்தி எடுக்கும்போது மட்டும் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். தோலில் ஒட்டிய மருந்து அந்தச் சொட்டுக்குள் கலந்தால் எண் பொய்யாக இறங்கிவிடும்.