பழைய சிந்தசைசரைப் பாட்டிலிருந்து பிடிக்க நான் நம்பும் இலவசக் கருவிகள்: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

புதுச்சேரி, கடலூர் பக்கம் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு 80களின் பாட்டு வேண்டும், அதுவும் ரெக்கார்டில் கேட்ட அதே டோனில் வேண்டும். "அண்ணே, பாட்டு சரிதான், ஆனா நடுவுல மணி மாதிரி ஒண்ணு வருமே, அது வரலையே" என்று மேடை ஓரத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஆக, பாட்டில் இருப்பது எந்த சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி), எந்த டிரம் மெஷின் என்று கண்டுபிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, தொழிலும்கூட. இதற்குப் பல வருஷமாக நான் வைத்திருப்பது ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள், டெக்ஸெட், ஒரு கம்பி ஹெட்போன். முதல் இரண்டும் இலவசம்.

முதலில் டெக்ஸெட். யமஹாவின் டிஎக்ஸ்7 சிந்தசைசர் 1983ல் வந்தது, அதைக் கணினிக்குள் அப்படியே இறக்கிய மென்பொருள் இது. பழைய டிஎக்ஸ்7 டோன் கோப்புகளை நேரடியாகத் திறக்கும். சத்தம் நன்றாக இருக்கிறது என்பதைவிட, ஆறு ஆபரேட்டர்களையும் (ஒரு டோனை உருவாக்கும் அலைகளையும்) தனித்தனியாக அணைத்துப் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இ.பியானோ 1 என்ற பிரபலமான டோனை எடுங்கள். அதில் இரண்டாவது ஆபரேட்டர் அடிப்படைச் சுருதியைப் போல 14 மடங்கு அதிர்வெண்ணில் ஓடுகிறது. அதை அணைத்தால் அந்த 'டிங்' காணாமல் போய், மொழுக்கென்று ஒரு பியானோ மட்டும் மிஞ்சும். மேடை ஓரத்துக்கு வந்தவர் கேட்ட மணி அதுதான். ஒருமுறை இப்படிப் பிரித்துக் கேட்டுவிட்டால் எந்தப் பாட்டில் வந்தாலும் காது தானாக நிமிர்ந்துவிடும்.

டிஎக்ஸ்7ல் ஃபில்டரே (ஒலியின் மேல் பகுதியை வெட்டித் திறக்கும் சுற்று) கிடையாது. அதனால் 'வ்வாவ்' என்று வாய் திறந்து மூடுவது போன்ற இழுவை பாட்டில் இருந்தால் அந்த இழுவை பெரும்பாலும் அதிலிருந்து வந்திருக்காது, ரோலண்டின் ஜூப்பிட்டரோ ஜூனோவோ போன்ற அனலாக் (மின்சுற்றாலேயே ஒலி செய்யும்) வகையைத் தேடுங்கள். ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு (நேரத்தோடு அதிர்வெண்களைப் படமாகக் காட்டுவது) மாற்றினால் அந்த இழுவை சாய்கோடாகவே தெரியும். டெக்ஸெட்டில் மார்க் 1 என்று ஒரு எஞ்சின் தேர்வு இருக்கிறது, பழைய ரெக்கார்டோடு ஒப்பிடும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாடர்ன் என்ற எஞ்சின் இந்த வேலைக்குக் கொஞ்சம் அதிகச் சுத்தம்.

டிரம் மெஷினுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ரோலண்ட் டிஆர்-808 1980 முதல் 1983 வரைதான் தயாரிப்பில் இருந்தது, சுமார் 12,000 பெட்டிகள். அதன் கௌபெல் (மாட்டு மணியைத் தட்டுவது போன்ற ஒலி) இரண்டு சதுர அலைகளின் கூட்டு, சுமார் 540 ஹெர்ட்ஸ், சுமார் 800 ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரோகிராமில் இரண்டு கோடும் பளிச்சென்று நிற்கும். ஆனால் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய கேசட்டைப் பழைய டெக்கில் ஓட்டிப் பதிவு செய்திருந்தால் வேகம் முன்னே பின்னே இருக்கும், எண்கள் நகர்ந்துவிடும். அப்போது எண்ணை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஏறக்குறைய 1.48 வர வேண்டும். கோடுகள் 520, 770 என்று இருந்தாலும் விகிதம் அதேதான், டேப் மெதுவாக ஓடியிருக்கிறது, அவ்வளவே.

இதைவிட எனக்கு அதிகம் உழைத்தது இன்னொரு சோதனை. பாட்டு தொடங்கும்போதோ இடையிலோ டிரம் மட்டும் தனியாக வரும் இடத்தைப் பிடித்து, இரண்டு ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) அடிகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகத் துல்லியமாக வைத்து, ஒன்றின் அலையை மேல்கீழாகப் புரட்டி (ஆடாசிட்டியில் 'இன்வர்ட்') இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட அழிந்து மௌனமானால் அது அச்சடித்த ஒலி, அதாவது சாம்பிள் (முன்பே பதிந்து வைத்தது). லின்டிரம், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின்கள் எல்லாம் அந்த வகை. ரோலண்டின் இன்னொரு டிரம் மெஷினான டிஆர்-909ல் கிக், ஸ்நேர் அனலாக்தான், ஆனால் ஹைஹேட்டும் சிம்பலும் 6-பிட் சாம்பிள். நிஜ 808ல் ஆறு ஆஸிலேட்டர்கள் (அலையை உருவாக்கும் சுற்றுகள்) நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அடி விழும் நேரத்தில் கதவு திறப்பது மட்டுமே நடக்கிறது. அதனால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறாக இருக்கும், கழித்தாலும் மிச்சம் கேட்கும். கேசட் பதிவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், டேப் அலைவதில் எதுவுமே அழியாது. சிடி பதிவு வேண்டும். யூடியூபிலிருந்தோ 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்தோ எடுத்தால் மேல் அலைவரிசை ஏற்கெனவே நசுங்கி வந்திருக்கும், அதை வைத்து ஹைஹேட் பற்றி யார் சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன்.

இந்தச் சோதனையால்தான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. 'இது 808' என்று சொல்லுவதில்லை, '808 ஒலி' என்றுதான் சொல்லுவேன். 1989ல் வந்த ரோலண்ட் ஆர்-8 என்ற டிரம் மெஷினுக்கே 808 ஒலிகள் அடங்கிய கார்டு தனியாகக் கிடைத்தது, அப்புறம் சாம்பிள் சிடிகள் வேறு. 90களின் பாட்டில் அந்த கௌபெல் கேட்டால் பெட்டியே ஸ்டுடியோவில் இருந்தது என்று அர்த்தமில்லை. பெட்டி இருந்தது என்று சொல்ல வருஷம், உறைக் குறிப்பு, ஸ்டுடியோ போட்டோ என்று வெளியிலிருந்து ஏதாவது ஆதாரம் வேண்டும். மேடையில் டோன் வைக்கிற எனக்கு ஒலி தெரிந்தால் போதும், ஆனால் டீக்கடையில் பந்தயம் கட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும்.

காதைப் பழக்க, கருவி எது என்று ஏற்கெனவே தெரிந்த பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல் வெளியிட்ட டிஸ்கோ ராக ஆல்பம். ஜூப்பிட்டர்-8, பேஸ் வாசிக்கும் டிபி-303, டிஆர்-808, இந்த மூன்றுதான். குரல் ஏறக்குறைய இல்லை, நெரிசல் இல்லை, எதை யார் செய்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்கும். அடுத்து இங்கிலாந்துக் குழுவான நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே', 1983, அந்தக் கிக் டிஎம்எக்ஸ். கோர்க் எம்1 என்ற சிந்தசைசரின் ஆர்கன் டோன் எப்படி இருக்கும் என்றால் பாடகி ராபின் எஸ்ஸின் 'ஷோ மீ லவ்' ரீமிக்ஸ் ஒன்றே போதும்.

பாட்டைக் குரல், டிரம், பேஸ் என்று பிரித்துத் தரும் ஏஐ மென்பொருள்களையும் வைத்திருக்கிறேன். பேஸ் வரி எடுக்க உதவும். டிரம் அடையாளத்துக்கு வேண்டாம். பிரிக்கும்போது ஹைஹேட்டில் நீர் ஓடுவது போல ஒரு சலசலப்பு சேர்ந்துவிடுகிறது, மேலே சொன்ன கழித்தல் சோதனையும் அதோடு போச்சு.

ஹெட்போன் எதுவானாலும் கம்பியோடு வாங்குங்கள். புளூடூத்தில் டெக்ஸெட் வாசித்தால் விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். நம் கடற்கரை ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் காது மெத்தையின் மேல்தோல் உரிந்து கழுத்தெல்லாம் கறுப்புத் தூளாகும், எனக்கு ஆகிவிட்டது. மெத்தை தனியாக மாற்றக்கூடிய மாடலா என்று பார்த்து வாங்குங்கள், துணி மெத்தை கிடைத்தால் இன்னும் நல்லது. லேப்டாப்புக்குப் பெரிய செலவு வேண்டாம், என் பழைய 4 ஜிபி மெஷினிலேயே இரண்டு மென்பொருளும் சிரமமில்லாமல் ஓடுகின்றன.