“தங்கக் கான்டாக்ட்” என்று நம்பி வீடியோ ரிலே வாங்காதீர்கள்: 24-க்கும் கட்டிய பணம் போச்சு

நேற்று ராத்திரிதான் உறுதியானது. வயிறு எரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிச் சோதித்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில், அங்கே கடை போட்டிருக்கும் ஒருவரிடம் 24 சிக்னல் ரிலே வாங்கினேன். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், உள்ளே ஒன்றையொன்று தொடும் உலோக முனைதான் கான்டாக்ட். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாச்சு. 24-ல் ஒன்றுகூட வீடியோவுக்கு ஆகாது.

வேலை இதுதான்: எட்டு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் வீடியோ) இன்புட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சர். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், ஆக 24 ரிலே. வீடியோ என்பது 75 ஓமில் 1 வோல்ட்கூடத் தாண்டாத சிக்னல். வெள்ளிக் கான்டாக்ட்டின் மேல் படியும் சல்பைடு படலத்தை உடைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அதனால்தான் தங்கம் பூசிய கான்டாக்ட் வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன். “தங்கம்தான் சார், வீடியோவுக்கென்றே நிறைய பேர் வாங்குகிறார்கள்” என்று பதில். கூடவே, மூடியை அறுத்துத் திறந்த ஒரு ரிலேயின் படம். உள்ளே கான்டாக்ட் எல்லாம் மஞ்சளாக மின்னின. அந்தப் படத்தில்தான் விழுந்தேன். அறுத்தே காட்டுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? வந்ததும் 24-ஐயும் ஒரே மூச்சில் சாலிடர் செய்தாச்சு.

ஓட்டிப் பார்த்தால் மூன்றாவது இன்புட்டில் வெள்ளை, நீலப் பச்சையாக வருகிறது. சிவப்பு ரிலேயின் கான்டாக்ட்டில் 15 ஓம்! அனுப்பும் பக்கம் 75 ஓம், வாங்கும் பக்கம் 75 ஓம் என்று வோல்ட் சரிபாதியாகப் பிரிய வேண்டிய இடத்தில் 15 கூடினால் சிவப்பு மட்டும் 9 சதவீதம் குறையும். விரலால் தட்டினால் 2 ஓம். அணைத்துப் போட்டால் 60. பச்சையோடு சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் துடிப்பு) வரும் இன்னொரு இன்புட்டில், பச்சை ரிலேயிலும் அதே 60 ஓம் ஏறியபோது 0.3 வோல்ட் சிங்க் 0.21-க்கு இறங்கி, படமே கிழிந்தது.

ஒன்றைக் கழற்றி அறுத்தேன். கான்டாக்ட் சாம்பல் நிறம், நடுவே கருகிய குழி. எங்கோ மோட்டாரோ விளக்கோ ஓட்டிய பழைய ரிலே. தீப்பொறியில் தங்கம் எரிந்துபோனபின் அது மறுபடி சிக்னலுக்கு உதவவே உதவாது. கால்களின் அடியில் பழைய ஈயம். ஆல்கஹால் பஞ்சால் துடைத்ததும் மேலே அச்சடித்த எண் அப்படியே பஞ்சில் வந்தது. 5 வோல்ட், 140 மில்லிவாட் என்று போட்ட காயில் (உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள்) 178 ஓம் காட்ட வேண்டும், இது 125.

கேட்டால் முதல் பதில்: “12 வோல்ட் பல்பு மாட்டிப் பாருங்கள், எரியும்.” எரியாமல் என்ன? 12 வோல்ட்டும் பல்பின் கரன்ட்டும் படலத்தைப் பொத்துக்கொண்டு போகும், 1 வோல்ட் போகாது. இரண்டாவது: “உங்கள் சாலிடர் சூட்டில் கெட்டிருக்கும்.” மூன்றாவது: “சாலிடர் பட்ட சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை.” சந்தைக்காரர்களிடம் போனால், விற்றவர் பதில் சொல்லிவிட்டார் என்று புகாரையே மூடிவிட்டார்கள். 24 ரிலேயின் பணம், ஒரு காசு திரும்பவில்லை.

விரிவாக எழுதப் பொறுமையில்லை. இரண்டே இரண்டு வாங்கிப் பாருங்கள். சாலிடர் வைக்குமுன் காயிலை அளந்து, தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். எண்ணை ஆல்கஹாலால் துடையுங்கள். கான்டாக்ட்டை 1 வோல்ட்டுக்கு மேல் போகாமல், 10 மில்லிஆம்பியரில், 20 தடவை ஆன்-ஆஃப் செய்து அளங்கள். ஒரு தடவை ஓம் கணக்கில் துள்ளினாலும் வேண்டாம். பல்பு வைத்துச் சோதிக்கவே சோதிக்காதீர்கள், நல்ல தங்கமும் அதில் எரியும்.

ஒரு ரிலேக்கு எட்டுக் கால். கழற்றியது போக இன்னும் 23 இருக்கிறது, 184 கால். போர்டின் தடம் உரியாமல் அத்தனையையும் இனி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கணும்.