சேமிப்புப் பொலிசியா, டெர்ம் பொலிசியா: வாடைக்காலத்தைத் தாண்டுவது எது?

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது டெர்ம் பொலிசி. அதற்கு முன் ஒரு சேமிப்புப் பொலிசி இருந்தது; இரண்டாவது வாடையோடு அது போய்விட்டது. இரண்டிலும் கைக்காசு போட்ட பிறகுதான் காப்புறுதி முகவர் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் எங்கள் வீட்டுக் கணக்கே கிடந்தது.

அடிப்படை வித்தியாசம் பலருக்கும் தெரியும். டெர்மில் குறித்த காலத்துக்குள் ஆள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். காலம் முடியும்வரை ஆள் நன்றாக இருந்தால் ஒன்றும் வராது. சேமிப்புப் பொலிசியில் இறந்தாலும் வரும், காலம் முடிந்து முதிர்ந்தாலும் வரும். அதனால் கட்டணம் கூட. அதே காசுக்கு டெர்மில் பல மடங்கு காப்புத் தொகை எடுக்கலாம். ஆனாலும் "கட்டின காசு திரும்பி வராதாமே" என்று திருகோணமலையில் எங்கள் திருக்கடலூரில் நான் பேசிப் பார்த்தவர்கள் பலரும் டெர்மை ஒதுக்கினார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் ஒதுக்கினேன்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான்: கட்டணம் கட்ட முடியாமல் போகும் நாளில் எந்தப் பொலிசி என்ன செய்யும்? என் கணவர், இவர் கடற்தொழில். சோளகக் காலத்தில் கையில் காசு புரளும். ஒக்டோபர் பிந்தி வாடை தொடங்கினால் வள்ளம் கரையில்தான். நாங்கள் அந்தச் சேமிப்புப் பொலிசியை எடுத்தது நல்ல உழைப்பு இருந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 9,000 ரூபாய், 20 வருடம், காப்புத் தொகை 6 இலட்சம். ஆகஸ்டில் தொடங்கினால் அடுத்த தவணைகள் நவம்பர், பெப்ரவரி, மே என்று வரும். நாலில் இரண்டு கடல் கொந்தளிக்கிற மாதங்களில் விழும் என்று அன்று எங்களுக்கு ஓடவில்லை, பொலிசி எழுதியவரும் கேட்கவில்லை. முதல் நவம்பருக்குத் தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். இரண்டாவது நவம்பருக்கு அடகு வைக்க ஒன்றும் இருக்கவில்லை. 30 நாள் சலுகைக் காலம் தந்தார்கள். அந்த நாட்களுக்குள் இவருக்கு ஏதாவது நடந்திருந்தால் நிலுவையைக் கழித்துக்கொண்டு காப்புத் தொகை கிடைத்திருக்கும்; அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிசம்பரிலும் கடல் விடவில்லை. பொலிசி லாப்ஸ் ஆனது, அதாவது காப்பு நின்றுபோனது. ஐந்து தவணை, 45,000 ரூபாய், அதில் ஒரு சதமும் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்பது தேர்வுக்குப் படித்தபோதுதான் விளங்கியது. முதல் வருடங்களின் கட்டணத்தில் பெரும்பங்கு உயிர்க் காப்புக்கும் பொலிசி எழுதும் செலவுக்கும் போய்விடுகிறது. அதனால் சரண்டர் பெறுமதி, அதாவது இடையில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை, பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் கட்டிய பிறகுதான் உருவாகும். அதைத் தாண்டிவிட்டால் நிலைமை வேறு. நாங்கள் ஐந்து வருடம் கட்டிவிட்டு நிறுத்தியிருந்தால், 20இல் 5 பங்கு என்ற கணக்கில் 6 இலட்சம் ஒன்றரை இலட்சமாகச் சுருங்கி, மேற்கொண்டு கட்டாமலே முதிர்வு வரை நின்றிருக்கும். சேமிப்புப் பொலிசியின் முழுப் பலமும் அந்த முதல் மூன்று வருடங்களைக் கடப்பதில்தான் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. எங்களுக்கு அது மூன்று வாடை.

டெர்மை யூலை மாதத்தில் எடுத்தோம், வருடத்துக்கு ஒரே கட்டணம். சேமிப்புப் பொலிசியையும் அப்படி வருடக் கட்டணமாக மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் 36,000 ரூபாயை ஒரே நாளில் வைக்க வேண்டும். டெர்ம் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. ஒரு வருடம் மோசமாகிப் போனாலும் பல வருடச் சேமிப்பு அதற்குள் மாட்டிக் கிடக்காது.

டெர்மிலும் விட்டுவிட்டால் வலி உண்டு. மறுபடி எடுக்கும்போது வயது ஏறியிருக்கும், உடம்பைப் பற்றி மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் சேமிப்புப் பொலிசி போனதற்கும் டெர்ம் எடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் இவருக்குச் சீனி வருத்தம் கண்டிருந்தது. மறைக்கச் சொல்லிச் சிலர் ஆலோசனை தந்தார்கள். அதியுயர் நம்பிக்கை என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான்: கேட்டதற்கு உண்மை சொல்லாவிட்டால், பணம் வேண்டிய நாளில் கோரிக்கையையே மறுத்துவிடலாம். நாங்கள் கிளினிக் கொப்பியைக் காட்டினோம், கட்டணத்தைக் கூட்டினார்கள், சரி என்று கட்டினோம்.

என் மைத்துனி ஆசிரியை. சம்பளத்திலேயே கழிபடுவதால் அவளது சேமிப்புப் பொலிசி ஒன்பது வருடமாக நிற்கிறது. அவளிடம் டெர்முக்கு மாறு என்று நான் சொல்லமாட்டேன். கையில் காசு நிற்காதவள் அவள், அந்தக் கட்டாயம் அவளுக்கு உதவுகிறது. நாங்கள் மிச்சக் காசைச் சீட்டிலும் வங்கியிலும் போடுகிறோம். அது 20 வருடம் இதே ஒழுங்கில் நடக்குமா என்பதைக் காலம்தான் காட்டும், இப்போது மூன்று வருடம்தான் ஆகிறது.

சுகாதாரக் காப்பைப் பற்றி என் அனுபவம் குறைவு. இன்னும் ஒரு கோரிக்கையும் வைத்ததில்லை. பில் தொகையைத் திருப்பித் தருவது ஒரு வகை. அதில் செலவானதற்கு மேல் கிடைக்காது, இரண்டு பொலிசி இருந்தாலும் ஒரே பில்லுக்கு இரண்டு முறை வாங்க முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகை தருவது மற்றது. திருகோணமலை பொது வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எங்களுக்குப் போவது உழைப்பு நாள்தான். அதனால் நாட்கணக்கில் தருவதை டெர்மோடு சேர்த்துக்கொண்டோம். எடுத்த உடனே எல்லா நோய்க்கும் அது வேலை செய்யாது, காத்திருப்புக் காலம் உண்டு.

பத்திரத்தைத் தமிழில் கேட்டு வாங்கினோம். கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் அலுமாரியில் வைக்காமல், இவர் வலை பொத்திக்கொண்டிருக்க நான் பக்கத்தில் இருந்து முழுவதையும் வாசித்தேன். கட்டணத் திகதி வந்த இடத்தில் இவர் மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.