மினிக்கு முன் பனலும் மட்காட்டும் வாங்குவோர் கவனத்துக்கு

பிரித்தானியாவில் பழைய மினி காரொன்றை வீட்டுக் கராஜில் வைத்துத் திருத்துபவர்கள், முன்பக்கத் தகடுகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் இதை வாசித்துவிடவும். என்னுடைய 1978 ஆம் ஆண்டு மினி 1000 காருக்கு "அசல் அச்சில் அடித்தவை" (அதாவது கார் செய்த காலத்து அச்சுகளிலேயே அடித்தவை) என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டு முன் மட்காட்டுகளும் முன் பனலும் (கிறிலைச் சுற்றியுள்ள மூக்குத் தகடு) அசல் அச்சில் அடித்தவை அல்ல. அந்த விற்பனையாளரே சிபாரிசு செய்து அனுப்பிய வெல்டர் செய்த வேலையோ அதைவிட மோசம். வெல்டரோடு உள்ள பிணக்கு இன்னும் தீராததால் இருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை.

ஊரில் மொறிஸ் மைனர் திருத்திப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மைனரின் முன் மட்காட்டு போல்ட்டில் நிற்பது. சரிவராவிட்டால் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். மினியில் அப்படியில்லை. மட்காட்டு, முன் பனல், கதவுக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய ஏ-பனல் எல்லாமே ஒன்றோடொன்று ஸ்பொட் வெல்டிங்கில் (புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுவது) பிணைந்தவை. எஞ்சினையும் முன் சில்லுகளையும் தாங்கும் சட்டமான முன் சப்பிறேமின் முன்முனைகூட முன் பனலின் அடிப்பகுதியில்தான் பிடிக்கப்படுகிறது. ஆகவே பழையதை வெட்டி அகற்றாமல் புதியது சரியாக உட்காருமா என்று பார்க்க முடியாது. வெட்டிய பிறகோ காரை அசைக்கவும் முடியாது, அடுத்த தகடு வரும்வரை காத்திருக்கவும் மனம் வராது. மோசமான தகடு விற்பவருடைய வியாபாரம் முழுவதும் இந்த இக்கட்டை நம்பித்தான் ஓடுகிறது.

எனக்கு வந்த தகடுகள் கறுப்புப் பிறைமர் பூசி, பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பாக இலக்கமோ தயாரிப்பாளர் ஒட்டிய அடையாளச் சீட்டோ ஒன்றிலும் இல்லை. பற்றுச்சீட்டில் "மினி முன் பனல் தொகுதி" என்று மட்டும் இருந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த "அசல் அச்சு" என்ற சொற்கள் அதில் காணாமற்போயிருந்தன. பழைய ஸ்பொட் புள்ளிகளை 8 மில்லிமீற்றர் கட்டரால் துளைத்து இரண்டு மட்காட்டுகளையும் முன் பனலையும் எடுத்தபின், கதவுகளையும் பொனற்றையும் மாட்டி, புதிய தகடுகளைக் கிளாம்பால் பிடித்துப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. வலது மட்காட்டில் ஏ-பனலோடு சேர வேண்டிய வெளிமடிப்பு, மேலே சரியான அகலத்தில் தொடங்கி, கீழே சில்லு வளைவை நெருங்க நெருங்க ஒடுங்கிக்கொண்டே போனது. அந்த மடிப்பின் மேல்தான் மினிக்கே உரிய மூடுபட்டி சொருகப்படும். மடிப்பு ஒடுங்கினால் பட்டி நிற்காது. பொனற் ஓரத்து இடைவெளி முன்கண்ணாடிப் பக்கம் ஒரு தாள் போகாத அளவுக்கு நெருங்கி, கிறில் பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. முன் பனலின் அடியில் சப்பிறேமைப் பிடிக்கும் துளைகளும் நேராக வரவில்லை.

முறையிட்டபோது விற்பனையாளர் சொன்ன முதல் பதில், பழைய கார் என்றால் தட்டித்தான் பொருத்த வேண்டும் என்பது. அதில் ஓரளவு உண்மை உண்டு. அசல் அச்சில் அடித்த தகட்டைக்கூட அங்குமிங்கும் கொஞ்சம் நெளித்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் இல்லாத மடிப்பைத் தட்டி உண்டாக்க முடியாது. அடுத்து, பழைய தகட்டை வெட்டிவிட்டபடியால் திருப்பி எடுக்க முடியாது என்றார். வெட்டப்பட்டது என்னுடைய பழைய தகடு, அவர் விற்ற தகடு அல்ல என்று எழுதியபின், மாற்றித் தருகிறேன் என்று சம்மதித்து, கொள்கலன் வரவில்லை, களஞ்சியம் பூட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நாளைக் கடத்தினார். கடைசியில் "30 நாள் முடிந்துவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தது.

இந்த 30 நாள் விவகாரத்தை எல்லோரும் விளங்கி வைத்திருக்க வேண்டும். 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, விவரித்தபடி இல்லாத பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க 30 நாள் உண்டு. ஆனால் மாற்றித் தரும்படி நாம் கேட்டாலோ அதற்குச் சம்மதித்தாலோ, அதற்காகக் காத்திருக்கும் காலம் அந்த 30 நாளில் சேராது. மணிக்கூடு அங்கே நின்றுவிடுகிறது. அந்தக் கோரிக்கை எழுத்தில் இருந்தால்தான் அதைக் காட்ட முடியும். தொலைபேசியில் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அன்றிரவே "இன்று நீங்கள் மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கியதென்றால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யும் உரிமையும் தனியாக இருக்கிறது. தகடுகள் வந்த வாரமே பெட்டியைப் பிரித்து அளந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தகடுகளுக்குக் கட்டிய பணம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. தந்தது விற்பனையாளர் அல்ல, கடனட்டை நிறுவனம். 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு, 100 பவுண்ஸுக்கு மேற்பட்டு 30,000 பவுண்ஸைத் தாண்டாத விலையுள்ள பொருளுக்கு, விற்றவரோடு சேர்த்து அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த 100 பவுண்ஸ் என்பது தனிப் பொருளின் விலை, பற்றுச்சீட்டின் மொத்தத் தொகை அல்ல. மூன்று தகடுகளுக்கும் ஒரே தொகுதியாக ஒரு விலை போட்டிருந்தது எனக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஒவ்வொன்றையும் 100 பவுண்ஸுக்குக் கீழே பிரித்து எழுதியிருந்தால் இந்தக் கதவு அடைபட்டிருக்கும். விளம்பரப் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்திருந்ததும் உதவியது, ஏனெனில் நான் முறையிட்ட பிறகு அந்தப் பக்கத்தில் சொற்கள் மாற்றப்பட்டிருந்தன.

வெல்டர் கதை வேறு. இடது மட்காட்டின் மடிப்பு ஓரளவு சரியாக இருந்தபடியால், அதையாவது பொருத்தலாம் என்று அவரை வரவழைத்தேன். பொனற்றை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே வெல்டிங் தொடங்க வேண்டும் என்பது குறுஞ்செய்தியிலேயே பேசி முடித்த ஒப்பந்தம். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் பொனற்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, மட்காட்டை ஒட்டி முடித்து, மூடுபட்டியையும் சொருகிவிட்டார். வெளியே பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. பட்டியை நெம்பி எடுத்தபோது, வரிசையாக ஸ்பொட் இருக்க வேண்டிய மடிப்பில் மேலே இரண்டு, கீழே ஒன்று என்று பொட்டு வைத்ததுபோல வெல்டிங். நடுவே முழுவதும் சீலர் அப்பி, அதன்மேல் பிறைமர். துத்தநாகப் பிறைமர் எதுவும் பூசாமல் வெறுந்தகடுகளைச் சேர்த்திருந்ததால், எரிந்த இடங்களில் துரு ஏற்கெனவே செம்மை காட்டத் தொடங்கியிருந்தது.

இப்போது வாங்கப் போகிறவர்கள், பழைய மட்காட்டு காரில் இருக்கும்போதே அதன் பொனற் ஓர வளைவைத் தடித்த அட்டையில் வெட்டி எடுத்து, புதியதன் மேல் வைத்துப் பார்க்கவும். வெளிமடிப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளக்கவும். ஹெட்லைற் துளையின் மையத்திலிருந்து ஏ-பனல் மடிப்புவரை உள்ள தூரம் இடமும் வலமும் ஒத்துவர வேண்டும். காரின் ஆண்டைச் சொல்லிக் கேட்கவும். 1967 அக்டோபரோடு கிறில் வாயின் வடிவம் மாறியது, கிளப்மன் என்ற மினி வகையின் மூக்கோ முற்றிலும் வேறு. அசல் அச்சுகளைக் கொண்டு தகடு அடிப்பது இங்கிலாந்தின் விற்னி நகரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம். யாராவது அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் பாக இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லவும். அதற்கு மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

வெல்டருக்குக் கொடுத்தது ரொக்கக் காசு. அதற்கு அட்டைப் பாதுகாப்பு இல்லை. ஆனால் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதே 2015 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் 10,000 பவுண்ஸ் வரையான கோரிக்கையைச் சட்டத்தரணி இல்லாமலே சிறு கோரிக்கை வழியில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு முந்திய எச்சரிக்கைக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். வேறொரு வெல்டர் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்வரை இடது மட்காட்டை வெட்டாமல், மூடுபட்டி கழன்றபடியே வைத்திருக்கிறேன்.